விந்தகத்தின் நுனியில் ஒரு மாடம்

ஓர் உறுப்பு நாள்தோறும் தன் செல்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தும் தேய்ந்துபோகாமல் நிலைப்பது எப்படி, இழந்ததை அது மீண்டும் ஆக்கிக்கொள்வது எப்படி என்ற இரண்டு கேள்விகளும் உயிரியலில் பழையவை. அவற்றுக்குக் கிடைத்த விடைகளுள் மிகத் தெளிவான சில, கனிந்து கறுத்த வாழைப்பழத்தின்மேல் மொய்க்கிற, இரண்டரை மில்லிமீட்டர் நீளமேயுள்ள ஓர் ஈயின் இனப்பெருக்கச் சுரப்பிகளிலிருந்து வந்தவை. டிரோசோபிலா மெலனோகாஸ்டர் என்று நூல்களிலும் பழ ஈ என்று பேச்சிலும் வழங்கும் இந்தப் பூச்சி மரபியலின் கருவியாகப் பெயர்பெற்றது. ஆனால் அதன் அண்டகமும் விந்தகமும், அதாவது முட்டையையும் விந்தணுவையும் ஆக்கும் சுரப்பிகள், நெடுங்காலம் அடுத்த தலைமுறை ஈக்களைத் தந்துகொண்டிருக்கும் பட்டறைகளாகவே பெரும்பாலான ஆய்வகங்களில் கருதப்பட்டன. பட்டறையில் விளைந்த பண்டத்தை எண்ணியவர்களே மிகுதி. அது தன்னைத்தானே எப்படிப் பழுதுபார்த்துக்கொள்கிறது என்று உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

இதில் ஒரு விந்தை உண்டு. பழ ஈயை உலகறியச் செய்த தாமஸ் ஹண்ட் மார்கன் தம் ஆய்வு வாழ்வின் முற்பகுதியில் ஈயைத் தொட்டவரல்லர். இழந்த உறுப்பு மீண்டும் வளர்வதையே, அதாவது மீளுருவாக்கத்தையே, அவர் தம் துறையாகக் கொண்டிருந்தார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துப் பிரின் மார் கல்லூரியில் கற்பித்த ஆண்டுகளில் மண்புழுவையும், பிளனேரியா என்னும் தட்டைப்புழுவையும், கடலில் வாழும் குழலுயிரிகளையும் அவர் வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டைப்புழுவின் 279இல் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகூட முழுப் புழுவாகிவிடும் என்ற அவருடைய கணக்கு இன்றும் பாடநூல்களில் எடுத்தாளப்படுகிறது. மிகக் குட்டையாக வெட்டப்பட்ட துண்டுகள் சில சமயம் வால் இருக்க வேண்டிய இடத்திலும் தலையையே முளைப்பித்து இருதலைப் புழுக்களாவதையும் அவர் விவரித்தார். 1901இல் ‘மீளுருவாக்கம்’ என்றே பொருள்படும் தலைப்பில் அவருடைய நூல் வெளிவந்தது. துண்டு தன் இடத்தை எப்படி அறிகிறது, எங்கே தலை எங்கே வால் என்பதை எது முடிவுசெய்கிறது என்பதே அவரை வாட்டிய கேள்வி. அன்றைய கருவிகளைக்கொண்டு அதற்கு விடை காண வழியில்லை.

அதே கல்லூரியில் பயின்று 1903இல் முனைவர் பட்டம் பெற்ற நெட்டி ஸ்டீவன்ஸ் மீளுருவாக்க ஆய்வில் மார்கனுடன் இணைந்து கட்டுரை எழுதியவர். 1905இல் மாவுப்புழு வண்டின் செல்களை ஆராய்ந்து, ஆண், பெண் என்ற வேறுபாடு ஒரு சிறு குரோமோசோமோடு தொடர்புடையது என்று காட்டிய அவர், 1908இல் சில ஈ வகைகளின் இனச்செல்களை, அதாவது முட்டையாகவும் விந்தாகவும் மாறவிருக்கும் செல்களை, நுண்ணோக்கியில் பார்த்துக் குறித்தபோது பழ ஈயையும் அதில் சேர்த்துக்கொண்டார். மார்கனின் புகழ்பெற்ற வெள்ளைக்கண் ஈ தோன்றுவதற்கு இரண்டாண்டு முன்பே இந்த ஈயின் இனப்பெருக்கச் சுரப்பியைப் பிளந்து பார்த்த பெண்மணி ஒருவர் இருந்தார் என்பது ஈயின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் பலவற்றில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி. அது அவருக்குச் செய்யப்பட்ட நியாயமன்று. ஸ்டீவன்ஸ் 1912இல் மறைந்தார்.

பின்னர் நடந்தது பலமுறை சொல்லப்பட்ட கதை. 1904இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்த மார்கன், 16 அடிக்கு 23 அடி அளவுள்ள அறையொன்றில் எட்டு மேசைகளைப் போட்டு, பால் போத்தல்களில் மசித்த வாழைப்பழத்தை இட்டு ஈக்களை வளர்த்தார். 1910இல் சிவப்புக் கண்ணுக்குப் பதிலாக வெள்ளைக் கண்ணோடு பிறந்த ஓர் ஆண் ஈ, மரபணுக்கள் குரோமோசோம்களில் இருக்கின்றன என்ற முடிவுக்கு வழி திறந்தது. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பத்தே நாளில் ஒரு தலைமுறை; ஒரு போத்தலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். இந்த வேகத்துக்கு முன் தட்டைப்புழு எம்மாத்திரம்! 1933இல் மார்கனுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அது மரபியலுக்குக் கிடைத்தது. மீளுருவாக்கம் அவர் தொடங்கிப் பாதியில் வைத்துவிட்ட நூலாகக் கிடந்தது.

ஆயினும் அந்தக் கேள்வியை மீண்டும் எடுப்பதற்கு வேண்டிய கருவிகளை மரபியலாளர்களே, வேறு நோக்கங்களுக்காக, ஒவ்வொன்றாக வடித்துக்கொண்டிருந்தார்கள். 1930களின் நடுவில் போரிஸ் எஃப்ருஸியும் ஜார்ஜ் பீடிலும் மெல்லிய கண்ணாடிக் குழலால் ஓர் ஈப்புழுவின் திசுவை எடுத்து இன்னொரு ஈப்புழுவின் உடலில் செலுத்தும் முறையை வகுத்தார்கள். 1936இல் கர்ட் ஸ்டெர்ன், உடற்செல்கள் பிரியும்போதும் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறக்கூடும் என்று காட்டினார். ஒரு செல்லுக்கு அடையாளமிட்டு அதன் வழித்தோன்றல்களை மட்டும் பின்தொடரும் உத்திக்கு வேர் இதுதான். அதே ஸ்டெர்ன் ஈ இனங்களிடையே விந்தகங்களை மாற்றி வைத்தும் பார்த்தார். பழ ஈயின் விந்தகம் சுருண்ட குழல். வேறு சில இனங்களில் அது நீள்உருண்டை வடிவானது. வளரும் விந்தகம் எந்த இனத்தின் நாளத்தோடு போய் இணைகிறதோ அந்த இனத்துக்குரிய வடிவத்தையே பெரிதும் எடுத்துக்கொண்டது. பிறந்த இனத்தைவிடப் போய்ச் சேர்ந்த இடம் வலிது என்பதை ஈயின் விந்தகம் முதன்முதலில் சொன்னது இங்கேதான் எனலாம். அன்று அது வடிவத்தைப் பற்றிய செய்தியாக மட்டுமே படிக்கப்பட்டது.

இச்சுரப்பிகளின் அமைப்பை அறிந்தால்தான் பிந்தைய ஆய்வுகளின் நுட்பம் விளங்கும். மயக்கிய ஆண் ஈயை உப்புக் கரைசல் துளியில் கிடத்தி, இரண்டு கூர்மையான இடுக்கிகளால் வயிற்றின் கடைமுனையைப் பற்றி மெல்ல இழுத்தால், வெளிறிய குடலோடும் கொழுப்போடும் சேர்ந்து, மஞ்சள் நிறத்தில் கம்பிச்சுருள் போன்ற இரண்டு குழல்கள் வெளியே வரும். அந்த மஞ்சளே விந்தகத்தைக் கண்டுகொள்ளும் அடையாளம். சுருளின் ஒரு முனை நாளத்தோடு இணைந்திருக்கும்; மறுமுனை மூடியது. மூடிய முனையின் உச்சியில் பத்துப் பன்னிரண்டு சிறு செல்கள் நெருங்கி ஒட்டி ஒரு மொட்டுப்போல இருக்கின்றன. அவை பிரிவதில்லை, விந்தாவதுமில்லை. அந்த மொட்டைச் சுற்றிப் பூவிதழ்களைப்போலச் சில பெரிய இனச்செல்கள் ஒட்டியிருக்க, அவற்றை இன்னும் மெல்லிய உடற்செல்கள் தழுவியிருக்கின்றன. இனச்செல் ஒன்று பிரியும்போது மொட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் மகள்செல் அங்கேயே தங்கிவிட, விலகிய மகள்செல் நான்கு முறை பிரிந்து பதினாறாகி, பின்னர் அறுபத்து நான்கு விந்தணுக்களாகிக் குழலின் வழியே கீழிறங்குகிறது. ஒவ்வொரு விந்தணுவும் ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் நீளம்; தன்னை ஆக்கிய ஈயின் உடலுக்கு அதிகம் குறைவில்லாத நீளம் என்பது நம்புதற்கு அரிது. நுனியிலிருந்து அடிவரை நகர்ந்தால் ஒரு செல்லின் வாழ்நாள் முழுவதும் வரிசையாகக் கண்முன் விரிகிறது. பெண் ஈயின் அண்டகமும் இப்படியே: பதினாறு முதல் இருபது வரையான முட்டைச்சரங்கள், ஒவ்வொரு சரத்தின் நுனியிலும் ஒரு சிறு அறை, அந்த அறையின் முகட்டில் அசையாத சில தொப்பிச்செல்கள், அவற்றைத் தொட்டபடி இரண்டோ மூன்றோ இனச்செல்கள்.

தான் தீராமல் தன்னையும் காத்து வேறு செல்களையும் ஈன்றுகொண்டேயிருக்கும் இத்தகைய செல்லை இன்று ஸ்டெம் செல் என்றும், தமிழில் குருத்தணு என்றும் வழங்குகிறோம். குருத்தணுவைப் பற்றிய முக்கியமான கருத்து ஈயிலிருந்து பிறக்கவில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எலும்பு மச்சையில் ஆய்வுசெய்துவந்த ரே ஸ்கோஃபீல்ட், 1978இல் எழுதிய கட்டுரையில், இரத்தத்தை ஆக்கும் குருத்தணு தன் உள்ளியல்பால் மட்டும் அழியாதிருப்பதில்லை, அது அமர்ந்திருக்கும் இடமே அதை அந்நிலையில் வைத்திருக்கிறது என்றார். அந்த இடத்துக்கு அவர் சூட்டிய பெயர், சிலை வைக்கச் சுவரில் விடப்படும் குழிவைக் குறிக்கும் சொல். தமிழ் வீடுகளில் விளக்கு வைக்கும் அதே குழிவுக்கு மாடம், மாடக்குழி, பிறை என்று பெயர்கள் உண்டு. மாடத்தில் உள்ளவரை அது குருத்தணு, மாடத்தை விட்டிறங்கினால் சாதாரணச் செல், அரிதாக மீண்டும் ஏறி அமர்ந்தால் மறுபடியும் குருத்தணு என்பதே அக்கொள்கையின் சாரம். கொள்கை அழகியது, சோதிக்கத்தான் முடியவில்லை. மச்சையில் செல்கள் நெல்லும் பதரும்போலக் கலந்துகிடந்தன. எது குருத்தணு, எது மாடம் என்று விரலால் சுட்ட இயலவில்லை.

சுட்டிக்காட்டக்கூடிய இடம் ஈயின் சுரப்பியில் இருந்தது. மறு ஆண்டே, 1979இல், இரண்டு ஆய்வுகள் வெளியாயின. எரிக் வீஷவுஸும் யானோஷ் ஸாபாத்தும் ஸ்டெர்னின் உத்தியைக் கையாண்டு, எக்ஸ் கதிரால் இனச்செல்களில் அடையாளமிட்டு, பெண் ஈ இடும் முட்டைகளில் அந்த அடையாளம் எவ்வளவு காலம் தொடர்ந்து வருகிறது என்று பார்த்து, அண்டகத்தில் குருத்தணுக்கள் இயங்குவதை உணர்த்தினார்கள். ஹார்டியும் உடனாய்வாளர்களும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் விந்தகத்தின் நுனியைச் சீவல் சீவலாகப் பார்த்து, மொட்டும் அதைச் சூழ்ந்த செல்களும் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று வரைந்து காட்டினார்கள். 1982இல் ஆலன் ஸ்பிராட்லிங்கும் ஜெரால்ட் ரூபினும் தாவும் மரபணுத் துண்டொன்றின்மேல் ஏற்றி, விரும்பிய மரபணுவை ஈயின் இனச்செல்லுக்குள் நிலையாகச் சேர்க்கும் வழியைக் கண்டார்கள். ஸ்பிராட்லிங் பணியாற்றிய பால்டிமோர் நகரத்துக் கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறையே அடுத்த இருபதாண்டு அண்டக ஆய்வின் மையமாயிற்று.

அங்கே டென்னிஸ் மெக்கியரினும் ஸ்பிராட்லிங்கும் 1990இல் விவரித்த ஒரு மரபணு பழுதானால், அண்டகத்தில் முட்டை உருவாவதில்லை. நுனிச்செல்கள் முதிராமலேயே பெருகி முட்டையறையை நிரப்பிவிடுகின்றன. பார்ப்பதற்குப் பை நிறையக் கோலிக்குண்டுகள்போல இருந்ததால் அதற்குக் ‘கோலிக்குண்டுப் பை’ என்று பொருள்படும் பெயரே வைத்துவிட்டார்கள், சுருக்கமாக ‘பாம்’. ஈ ஆய்வாளர்கள் மரபணுவுக்குப் பெயரிடும் முறை முகம்சுளிக்க வைக்கும் அளவுக்கு விளையாட்டானது என்றாலும், அது கெட்டால் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதைப் பெயரே சொல்லிவிடுவதால் நினைவில் நிற்கிறது. பாம் குருத்தணுவை முதிர்ச்சியை நோக்கித் தள்ளும் மரபணு. குருத்தணுவில் அது அடங்கியிருக்க வேண்டும். மகள்செல்லில் விழிக்க வேண்டும். அடக்கிவைப்பது யார்?

1993இல் ஹைஃபான் லினும் ஸ்பிராட்லிங்கும் அண்டகத்தின் நுனியறைகளை வேறு பெண் ஈக்களின் வயிற்றுக்குள் பதித்தும், லேசர் கதிரால் குறிப்பிட்ட செல்களை எரித்தும், குருத்தணுக்களின் பிரிவை நேராகத் தொடர்ந்தார்கள். 1998இல் டிங் ஸியேயும் ஸ்பிராட்லிங்கும் ‘டிபிபி’ என்னும் புரதச் செய்தியை ஆராய்ந்து, அந்தச் செய்தியை ஏற்கும் ஆற்றலை இழந்த குருத்தணு தன் நிலையைக் காத்துக்கொள்ள இயலாமல் முதிர்ந்து நழுவுவதையும், செய்தி அளவுக்கு மிஞ்சினால் அறை முழுவதும் முதிராத செல்களால் பருத்து வீங்குவதையும் காட்டினார்கள். குருத்தணுவும் சாவா வரம் பெற்றதன்று என்பது அதே கட்டுரையில் வெளிப்பட்டது: அவற்றில் பாதி, நான்கரை வாரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள் மறைந்துவிடுகின்றன. அப்படியும் அறை வெறுமையாவதில்லை. ஒரு குருத்தணு போனதும் பக்கத்திலிருப்பது வழக்கத்துக்கு மாறாகக் கிடையாகப் பிரிந்து, இரண்டு மகள்செல்களையும் தொப்பிச்செல்லைத் தொடுமாறு வைத்துக் காலியிடத்தை நிரப்பிவிடுகிறது என்று 2000இல் அவர்கள் எழுதினார்கள். ஸ்கோஃபீல்ட் மச்சையில் ஊகித்த மாடம், முகவரியோடு, ஈயின் அண்டகத்தில் கிடைத்துவிட்டது.

விந்தகத்தின் விடை 2001 டிசம்பரில் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் மார்கரெட் ஃபுல்லரின் ஆய்வகமும் பால்டிமோரில் எரிகா மாட்டுனிஸின் ஆய்வகமும் தனித்தனியே ஒரே முடிவை அடைந்து, ‘சயின்ஸ்’ இதழின் ஒரே வெளியீட்டில் பதிப்பித்தன. மொட்டுச்செல்கள் ஒரு சிறு புரதத்தைச் சுரக்கின்றன. தொட்டுக்கொண்டிருக்கும் செல்களில் அது ‘ஜாக்-ஸ்டாட்’ எனப்படும் செய்தித்தொடரை எழுப்பி அவற்றைக் குருத்தணுவாகவே இருத்துகிறது. மனிதரின் இரத்தச் செல்களிலும் வேலைசெய்யும் அதே தொடர் இது. இரண்டாண்டு கழித்து யுகிகோ யமஷிதாவும் ஃபுல்லரும், குருத்தணு பிரியும்போது அதன் பிரிவுக் கதிரின், அதாவது குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் இழைக்கட்டின், ஒரு முனை எப்போதும் மொட்டின் பக்கம் நங்கூரமிட்டுக்கொள்வதால்தான் ஒரு மகள்செல் மாடத்திலும் மற்றது வெளியிலும் விழுகின்றன என்று காட்டினார்கள். செய்தி எட்டும் தொலைவு ஒரே செல்லின் அகலம்; அந்த அகலமே விதியைப் பிரிக்கும் எல்லை.

இதுவரை சொன்னது நிலைநிறுத்தல். மாடம் முற்றிலும் காலியானால் என்ன ஆகும் என்பதுதான் மார்கனின் பழைய கேள்விக்கு அருகில் வருவது. அதைச் சோதிக்க உதவிய கருவிக்குத் தனி வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிடோஸ்ஸா வைத்திருந்த ஈப்புழுக்களின் வெப்பப்பெட்டியை யாரோ சற்றே சூடேற்றிவிட, குரோமோசோம்களில் புதிய இடங்கள் உப்பி எழுவதை அவர் கண்டார். வெப்பத்தால் விழிக்கும் மரபணுக்கள் அப்படித்தான் அறியப்பட்டன. பின்னாளில் அந்த மரபணுக்களின் விசைப்பகுதியை வேறு மரபணுவோடு ஒட்டி, வேண்டிய நேரத்தில் ஈயைச் சிறிது நேரம் சூட்டில் வைத்து அதை எழுப்பும் வழக்கம் ஏற்பட்டது. பாம் மரபணுவை இவ்வாறு எழுப்பினால் குருத்தணுக்கள் எல்லாம் வலிய முதிர்ந்து மாடத்தை விட்டிறங்கிவிடும்.

2004இல் தோஷியே கையும் ஸ்பிராட்லிங்கும் அண்டகத்தில் இதைச் செய்துவிட்டுக் காத்திருந்தபோது, நான்கும் எட்டுமாகப் பிரிந்து, தமக்குள் சிறு வளையத் துளைகளால் இணைந்து கொத்தாகிவிட்ட செல்கள், இணைப்பைத் துண்டித்துத் தனித்தனியாகிக் காலி மாடங்களில் மீண்டும் குருத்தணுக்களாக அமர்ந்தன. அதே ஆண்டு கிரிஸ்டா பிராலியும் மாட்டுனிஸும் விந்தகத்தில் இதற்கு இணையானதைக் கண்டார்கள்: வெப்பத்தில் மட்டும் செயலிழக்கும் ஸ்டாட் மரபணுவுள்ள ஈக்களைச் சூட்டில் வைத்துக் குருத்தணுக்களைப் போக்கி, மறுபடி குளிர்ந்த இடத்துக்கு மாற்றியதும், விந்தாகும் பாதையில் இறங்கியிருந்த கொத்துகள் உடைந்து மொட்டை நோக்கித் திரும்பின. முதிரத் தொடங்கிய செல்லுக்குத் திரும்பும் வழி அடைபட்டது என்று பலரும் கொண்டிருந்த எண்ணம், உயிருள்ள உடலுக்குள்ளேயே, இரு பாலிலும் ஒரே ஆண்டில் தளர்ந்தது.

எலியின் விந்தகத்திலும் இத்தகைய திரும்புதல் நிகழ்வதற்கான சான்றுகளை ஜப்பானில் ஷோசெய் யோஷிதாவின் குழு 2007இலும் 2010இலும் தந்தது. பாலூட்டிகளின் அண்டகத்தைப் பொறுத்தவரை ஈயின் படிப்பினையை அப்படியே ஏற்றிச் சொல்ல இயலாது. பிறந்தபின் புதிய முட்டைச்செல்கள் உண்டாவதாக 2004இல் எலிகளைக்கொண்டு எழுந்த வாதம் பெரும்பாலான ஆய்வாளர்களால் ஏற்கப்படவில்லை. பழ ஈயில் கண்டதையெல்லாம் மலட்டுத்தன்மைக்கு மருந்தாக எழுதிவிடும் அவசரம் சில இதழ்களில் தென்படுகிறது. அதற்கு இச்சுரப்பிகள் பொறுப்பல்ல.

திரும்பிவந்த செல் முன்னிருந்த செல்லேதானா என்பதும் எளிதில் தீர்வதன்று. வயது முதிர்ந்த ஆண் ஈக்களின் விந்தகத்தில் இப்படித் திரும்பிய குருத்தணுக்கள் கூடிவருவதையும், அவற்றுள் பிரிவுக்கதிரின் நங்கூரம் மொட்டின் பக்கம் அமையாமல் திசைமாறி நிற்பவை மிகுதி என்பதையும் 2008இல் யமஷிதாவின் குழு காட்டியது. அத்தகைய செல் நங்கூரம் சீராகும்வரை பிரியாமல் நின்றுவிடுவதால் விந்து உற்பத்தி குறைகிறது. இருக்கையில் ஆள் இருக்கிறார்; வேலை நடப்பதில்லை.

இவையனைத்திலும் மொட்டு மட்டும் மாறாத ஒன்றாகவே கருதப்பட்டது: பிரியாதது, நகராதது, செய்தி சொல்வதற்கென்றே இருப்பது. 2014இல் மாட்டுனிஸின் ஆய்வகம், இனச்செல்களைத் தழுவியிருக்கும் உடற்குருத்தணுக்கள் அனைத்தையும் அழித்துவிட்டு விந்தகத்தை மீளவிட்டது. அப்போது அடங்கிக்கிடந்த மொட்டுச்செல்களே பிரியத் தொடங்கின. சில மொட்டிலிருந்து கழன்று வெளிவந்து, அழிந்துபோன உடற்குருத்தணுக்களின் பணியைத் தாமே ஏற்றன. சுற்றியிருக்கும் செல்களை நிலைநிறுத்துவது மொட்டு என்று பத்தாண்டுக்கு மேலாகப் படித்தவர்கள், மொட்டை உறக்கத்தில் இருத்துவது சுற்றியிருக்கும் செல்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு மீண்ட விந்தகங்கள் சிலவற்றை நிறமேற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது, ஒரே மொட்டு இருக்க வேண்டிய நுனிப்பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட மொட்டுகள் விலகி விலகி நின்றன. ஒவ்வொன்றைச் சுற்றியும் குருத்தணுக்கள் இதழ்களாக ஒட்டியிருந்தன. மார்கன் குட்டையாக வெட்டிய தட்டைப்புழுத் துண்டு, இரண்டு முனையிலும் தலையோடு, நீர்த் தட்டில் கிடந்ததும் ஏறக்குறைய இப்படித்தான்.